"நல்ல பையன்தான், ஆனா…": வரன் விசாரிக்கும்போது நல்லதையும் கெட்டதையும் எடைபோடும் முறை

வரன் விசாரணையில் பத்துப் பேர் "தங்கமான பையன்" என்று சொல்லியிருப்பார்கள். பதினோராவது ஆள் போனில் லேசாக இழுத்து, "நல்ல பையன்தான், ஆனா…" என்று நிறுத்துவார். அன்று ராத்திரி வீட்டில் பேச்சு முழுக்க அந்த "ஆனா"வைப் பற்றித்தான் இருக்கும். பத்துப் பேர் சொன்னதை யாரும் எடுத்துப் பேசமாட்டார்கள். சில வீடுகளில் அந்த ஒரு இழுப்போடு ஜாதகம் திரும்பிப் போய்விடும். வேறு சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கைநிறையச் சம்பளம், சொந்த வீடு, ஒரே பிள்ளை என்ற பேச்சு முதலில் காதில் விழுந்துவிட்டால், பிறகு வரும் எல்லா "ஆனா"வும் பொறாமைக்காரர்கள் பேச்சாகிவிடும்.

ஒரு மனிதரைப் பற்றிக் கேள்விப்படும் நல்லதும் கெட்டதும் மனதில் ஒரே எடையில் உட்காருவதில்லை. எது எங்கே கூடுதலாக உட்காரும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் விசாரிக்கும் விதத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

கல்யாணப் பேச்சில் நல்ல சொல் மலிவு. "ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்குங்க" என்பதுதான் பெரும்பாலோர் மனநிலை. பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கும் அதே மாடிப்படியில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தாக வேண்டும். இது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. சிட்னி ரோசன், ஆப்ரஹாம் டெஸ்ஸர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1970இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு வீட்டிலிருந்து வந்த தகவலை அவரிடம் சொல்லும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார்கள். நல்ல சேதி என்றால் முழுசாகச் சொன்னார்கள். கெட்ட சேதி என்றால் பலர் "வீட்டுக்குப் போன் பண்ணச் சொன்னாங்க" என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அந்தச் சேதியில் சொல்பவர் மேல் எந்தப் பழியும் இல்லை. அப்படியும் வாய் வரவில்லை.

ஆகவே "நல்ல பையன்", "நல்ல குடும்பம்", "அமைதியான பொண்ணு" என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. கேட்டவருக்கு இதில் புதிதாகத் தெரியவந்தது ஒன்றும் இல்லை. அந்த மரியாதையை மீறி ஒருவர் கெட்டது சொன்னால் மனம் அதற்குக் கூடுதல் மதிப்புப் போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கெட்டது பேசுகிறவர் எல்லாரும் தயங்கித் தயங்கிப் பேசுவதில்லை. வேலித் தகராறு, வாடகை பாக்கி, தன் வீட்டுப் பெண்ணை அங்கே கேட்டு அமையாமல் போனது என்று உள்ளே வேறு கணக்கு இருக்கும். எனவே ஒவ்வொரு சேதிக்கும் பக்கத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இதைச் சொல்வதால் சொன்னவருக்கு என்ன நஷ்டம், என்ன லாபம்? நஷ்டப்பட்டுச் சொன்னது ஒரு தரம். லாபத்துக்குச் சொன்னது வேறு தரம்.

அடுத்து, கெட்ட சேதிகளையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். விசாரணையில் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

ஜான் ஸ்கவ்ரான்ஸ்கி, டொனால்ட் கார்ல்ஸ்டன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நேர்மை, ஒழுக்கம் போன்ற குண விஷயங்களில் கெட்ட சேதிக்கு எடை அதிகம். திறமை விஷயங்களில் நல்ல சேதிக்கு எடை அதிகம். காரணம் யோசித்தால் புரியும். திருடுகிறவனும் பெரும்பாலான நாட்களில் திருடாமல்தான் இருப்பான், கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குவான். அதனால் அவன் நேர்மையாக நடந்த நாட்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, திருடிய ஒரு நாள்தான் பேசும். திறமையில் கதை தலைகீழ். கெட்டிக்கார மாணவனும் ஒரு பரீட்சையில் கோட்டை விடலாம். திறமையே இல்லாதவன் தற்செயலாகக் கடினமான பரீட்சையில் முதலிடம் வாங்க முடியாது. அங்கே நல்ல சேதிதான் பேசும்.

நம் வீடுகளில் இந்த இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது, பையன் காலேஜில் இரண்டு அரியர் வைத்திருந்தான், கூட்டத்தில் சரியாகப் பேச வராது, முதல் வேலையில் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. இவை திறமை, பழக்கம், சூழ்நிலை சம்பந்தப்பட்டவை. நாளைக்கு மாறக்கூடியவை. இவற்றைக் குடப்பாலில் விழுந்த விஷத்துளியாகப் பாவித்து வரனைத் தள்ளுகிறார்கள். மறுபக்கம், தம்பி பேரில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டது, அம்மாவை எல்லார் முன்னாலும் கைநீட்டியது, முந்தைய நிச்சயதார்த்தத்தை மறைத்தது எல்லாம் "வயசு அப்படி", "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று கரைந்துபோகும். சம்பளமும் படிப்பும் அந்த இடத்தை நிரப்பிவிடும். சம்பளம் திறமைக்குச் சான்று. கைநீட்டாமல் இருப்பதற்குச் சான்று ஆகாது.

குறிப்பு எடுக்கும்போது கேள்விப்பட்ட ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் என்று குறித்துவிடுங்கள். குணப் பக்கம் வருபவை: அடிதடி, பொய், மறைப்பு, மற்றவர் பணம், போதையில் நடந்துகொள்ளும் விதம், தன்னைவிடக் கீழே உள்ளவர்களை நடத்தும் விதம். இதில் ஒன்று உண்மையென்று உறுதியானாலே பேச்சை நிறுத்த அது போதும். எடை அவ்வளவு இருப்பதால்தான் சான்றும் கூடுதலாக வேண்டும். ஒரே ஒருவர், அதுவும் காதில் கேட்டதாகச் சொன்ன குணக் குற்றத்தை வைத்து முடிவெடுப்பது அநியாயம். பெண்கள் விஷயத்தில் இந்த அநியாயம் சகஜமாக நடக்கிறது. "யாரோடயோ வண்டியில போனதைப் பார்த்தாங்களாம்" என்ற ஒரு வரியில் அடுத்தடுத்து வரன்கள் தட்டிப்போகும். வண்டி ஓட்டியது அவள் சித்தப்பா பையனாக இருந்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதல் வாக்கியத்தின் பலம் தனி. தரகர் ஜாதகத்தை நீட்டும்போது சொல்லும் முதல் வரியை அவர் சும்மா சொல்வதில்லை. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இல் மாணவர்களிடம் ஒருவரைப் பற்றி ஏழு குணங்களைப் படித்துக் காட்டினார்: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி என்று தொடங்கும் பட்டியல். ஒரு குழுவுக்கு நடுவில் "அன்பானவர்" என்ற சொல், இன்னொரு குழுவுக்கு அதே இடத்தில் "ஒட்டாதவர்" என்ற பொருள்படும் சொல். மற்ற ஆறும் ஒன்றே. இவர் தாராள மனசுக்காரரா என்று கேட்டபோது முதல் குழுவில் 91 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், இரண்டாவதில் 8 சதவீதம். வரிசையை மாற்றியும் ஆஷ் சோதித்தார். "அறிவாளி, உழைப்பாளி" என்று தொடங்கி "பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்" என்று முடித்தால் ஒரு ஆள், அதையே பின்னிருந்து படித்தால் வேறு ஆள்.

நான்கு வருடம் கழித்து ஹெரால்ட் கெல்லி இதை வகுப்பறையில் செய்து பார்த்தார். வெளியிலிருந்து வந்த ஆசிரியரைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகக் குறிப்பு. பாதிப் பேருக்கு "மிகவும் அன்பானவர்", பாதிப் பேருக்கு "கொஞ்சம் ஒட்டாதவர்". அதே ஆள், அதே வகுப்பு. அன்பானவர் என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் விவாதத்தில் வாய் திறந்தார்கள், மற்றவர்களில் 32 சதவீதம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் நடப்பதும் இதுதான். "பொண்ணு கொஞ்சம் திமிரு பிடிச்சவளாம்" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டு நிறுத்திக்கொள்வார்கள். அவளும் இரண்டு பதிலோடு நிறுத்துவாள். திரும்பும்போது காரில் "சொன்னது சரியாத்தான் இருக்கு" என்பார்கள்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. வரன் கைக்கு வரும் முன்னாலேயே, நமக்குத் தெரிய வேண்டியவை எவை என்று ஏழெட்டுக் கேள்வியாக ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். எல்லா வரனுக்கும் அதே தாள், அதே வரிசை. ஆள் அழகாக இருப்பதால் இரண்டு கேள்வியைத் தாண்டிவிடுவதும், முதல் வரி கசந்ததால் புதிதாக நான்கு கேள்வி முளைப்பதும் இதனால் குறையும். விசாரிக்க இரண்டு பேர் போவதானால் தனித்தனியாகப் போகட்டும். மாமா ஒருபக்கம், அண்ணன் ஒருபக்கம். இருவரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக் கூடாது. முதலில் போனவர் "எனக்கென்னவோ சரியாப் படலை" என்று சொல்லிவிட்டால் இரண்டாவது ஆளின் விசாரணை அதைத் தேடும் விசாரணையாகிவிடும்.

யாரைக் கேட்பது என்பதில் ஒரு பழைய தவறு தொடர்கிறது. அந்த வீட்டார் கொடுத்த நம்பர்களையும் இன்றைய பக்கத்து வீட்டையும் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர்கள் கொடுத்த ஆட்கள் நல்லதே சொல்வார்கள். அதில் தவறில்லை, விவரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவர்கள் உதவுவார்கள். கூடவே, முன்பு குடியிருந்த தெருவில் ஒருவர், ஒரே டீமில் வேலை பார்த்து இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டவர், ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர், வாடகை வீடு என்றால் பழைய வீட்டுக்காரர், மாதக் கணக்கு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் என்று ஐந்தாறு பேர் வேண்டும். தினமும் முகம் பார்க்கத் தேவையில்லாதவர்கள் கொஞ்சம் மனம் திறந்து பேசுவார்கள். அபார்ட்மென்ட் காவலாளி, இஸ்திரி போடுகிறவர், வீட்டு வேலைக்கு வருகிறவர் ஆகியோரைக் கேட்பதில் எச்சரிக்கை வேண்டும். குடும்பம் அவர்களை எப்படி நடத்துகிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாம் கேட்டது வெளியே தெரிந்தால் அவர்கள் பிழைப்பில் கை வைத்ததாகிவிடும். வற்புறுத்தக் கூடாது.

கேட்கும் விதத்தைச் சற்று கிட்டத்தில் பார்ப்போம். வழக்கமான போன் பேச்சு இப்படிப் போகும்:

"பையன் எப்படிங்க?"

"நல்ல பையன்தாங்க."

"கெட்ட பழக்கம் எதுவும்…?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் கேள்விப்பட்டதில்லைங்க."

"உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா குடுப்பீங்களா?"

"தாராளமா."

மூன்று கேள்வியும் வீண். முதலாவது அபிப்பிராயத்தைக் கேட்கிறது, அபிப்பிராயம் மரியாதையில்தான் வரும். இரண்டாவது இல்லை என்று சொல்வதற்கு வசதி செய்து கொடுக்கிறது. மூன்றாவது எல்லாரும் பெரிதாக நம்பும் கேள்வி, ஆனால் "தாராளமா" என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு செலவும் இல்லை.

பதிலாக, பழக்கத்தின் அளவில் தொடங்குங்கள். "எத்தனை வருஷமாப் பழக்கம்? கடைசியா எப்போ பேசினீங்க?" மூன்று வருடமாகப் பார்க்காதவர் சொல்வது மூன்று வருடம் முந்தைய ஆளைப் பற்றி. பிறகு நடந்ததைக் கேளுங்கள். "ஆபீஸ்ல வேலை நெருக்கடி வந்தா எப்படி இருப்பார், ஒரு தடவை நடந்ததைச் சொல்லுங்களேன்." "கைமாத்து வாங்கியிருக்காரா? எப்போ திருப்பிக் கொடுத்தார்?" "வீட்ல பெரியவங்களுக்கு உடம்பு சரியில்லாதப்போ யார் பார்த்துக்கிட்டாங்க?" "ஜூனியர் யாராவது தப்பு பண்ணினா என்ன பண்ணுவார்?" நடந்ததைச் சொல்லும்போது நல்லது கெட்டது இரண்டும் தானாகக் கலந்து வரும். "ரொம்பப் பொறுப்பான பையன்ங்க, அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ராத்திரி அவன்தான் இருந்தான், நர்ஸோட மட்டும் ஒருநாள் சத்தம் போட்டுட்டான்" என்று வந்தால் அந்த ஒரு வாக்கியம் பத்து "தங்கமான பையனை"விடப் பெரிது.

"குடிப்பாராமே?" என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்வி ஒரு வதந்தியை நட்டுவிட்டு வரும். அடுத்து விசாரிக்க வருகிறவரிடம் அவரே "குடிப்பான்னு ஒரு பேச்சு இருக்கு" என்று சொல்லக்கூடும். "சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸோட எப்படிப் பொழுதுபோக்குவாங்க?" என்று கேட்டாலே வர வேண்டியது வரும்.

"ஆனா…" என்று ஒருவர் இழுத்தால் அவசரப்பட்டு அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள். நாமாக "கோபக்காரரா?" என்று எடுத்துக்கொடுத்தால் அவர் தப்பித்து "ஆமா, கொஞ்சம்" என்பார். உண்மையில் சொல்ல வந்தது வேறாக இருந்திருக்கும். சற்றுப் பொறுத்து, "சொல்லுங்க, உங்க பேர் வெளியே வராது" என்றால் போதும். அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் பல நேரம் பெரிதாக ஒன்றும் இருக்காது: "ஆனா அவங்க அம்மா பேச்சைத் தட்டமாட்டான்", "ஆனா அசைவம் சாப்பிடுவாங்க". கேட்டு முடிக்காமல் விட்ட "ஆனா"தான் வீட்டுக்கு வந்து பூதமாக வளரும்.

போனை வைத்ததும், வேறு வேலைக்குப் போகுமுன் எழுதிவிட வேண்டும். யார் சொன்னது, கண்ணால் பார்த்ததா காதால் கேட்டதா, எப்போது நடந்தது, அவர் சொன்ன சொற்கள் அப்படியே. "ஒருதரம் சத்தம் போட்டான்" என்பது மறுநாள் நம் வாயில் "சத்தம் போடுவான்" ஆகிவிடும், அடுத்த நாள் "கோபக்காரன்" ஆகிவிடும். நடந்த செயல் குணமாக மாறுவது இப்படித்தான், எழுதி வைத்த தாள்தான் அதைப் பிடித்து நிறுத்தும்.

அந்தத் தாளைப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரும். மூன்று பேர் ஒரே குற்றத்தைச் சொல்லியிருப்பார்கள், மூன்றிலும் "கேட்டது" என்று இருக்கும். "உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று பின்னால் போனால் மூவரும் ஒரே அத்தையிடம் வந்து நிற்பார்கள். அது மூன்று சான்றாகாது, ஒரே சான்று மூன்று வாயில் வந்தது. நல்லதற்கும் இதே விதிதான். சங்கத்தில் ஒருவர் புகழ்ந்ததை நான்கு பேர் திருப்பிச் சொல்லியிருப்பார்கள்.

காகிதத்தில் சரிபார்க்க முடிந்ததை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். படிப்புச் சான்றிதழ், பே ஸ்லிப், வேலைக்கான ஆர்டர் ஆகியவற்றை இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது இப்போது பலர் செய்கிற, சங்கடம் இல்லாத காரியம். நீதிமன்ற வழக்குகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், வருடம், பெயர் கொடுத்துத் தேடலாம். அங்கே நம் பெயர்களால் ஒரு ஆபத்து உண்டு. ஒரே இனிஷியலும் ஒரே பெயரும் உள்ளவர்கள் ஒரு மாவட்டத்திலேயே நிறைய இருப்பார்கள். அப்பா பெயர், ஊர், வயது மூன்றும் ஒத்துப்போகாமல் "கேஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டால் சம்பந்தமே இல்லாதவர் தலையில் பழி விழும். தவிர, சொத்துப் பாகப்பிரிவினை வழக்கும் வழக்குதான், அதில் குணத்துக்கு ஒன்றும் இல்லை.

பயோடேட்டா எழுதும் பெற்றோருக்கு ஒன்று. நல்லது எவ்வளவு சேர்த்தாலும் லாபம்தானே என்று பக்கத்தை நிரப்பாதீர்கள். நார்மன் ஆண்டர்சன் 1965இல் காட்டியபடி, மிக நல்ல இரண்டு குணங்களோடு சுமாரான நல்ல குணங்கள் இரண்டைச் சேர்த்தால் ஆளைப் பற்றிய மதிப்பு ஏறுவதில்லை, இறங்குகிறது. மனம் கூட்டல் போடுவதைவிடச் சராசரி எடுப்பதற்கு அருகில் நடந்துகொள்கிறது. "மாவட்ட அளவில் கபடி ஆடியவள், தங்கையின் படிப்புச் செலவைத் தானே பார்க்கிறாள்" என்பதோடு நிறுத்தினால் ஆள் கண்முன் நிற்பாள். "கோலம் போடுவாள், டிவி பார்ப்பாள், பழகுவதற்கு இனிமையானவள்" என்று தொடர்ந்தால் மங்கிப்போவாள். அதே ஆண்டர்சன் 1968இல் 555 குணச் சொற்களுக்கு நூறு பேரிடம் மதிப்பெண் வாங்கினார். உச்சியில் வந்தவை உள்ளன்பு, நேர்மை சார்ந்தவை. அடியில் வந்தது பொய்யர். சம்பளத்தை ஐயாயிரம் கூட்டி எழுதிப் பிடிபட்டால் போவது ஐயாயிரத்தின் மதிப்பு மட்டும் இல்லை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பொய்யான பேச்சு ஒன்று ஏற்கெனவே பரவிவிட்டால் என்ன செய்வது? "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று மறுப்பது பெரும்பாலும் வேலைக்காகாது. லீ ராஸ், மார்க் லெப்பர், மைக்கேல் ஹபர்ட் 1975இல் செய்த சோதனையில், ஒரு வேலையை நன்றாகச் செய்ததாகவோ மோசமாகச் செய்ததாகவோ சிலரிடம் சொன்னார்கள். பிறகு, அந்த மதிப்பீடு அவர்கள் வேலையைப் பார்த்துச் சொன்னதில்லை, முன்கூட்டியே தீர்மானித்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அதன்பின்னும் அபிப்பிராயம் முழுசாகக் கலையவில்லை. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மனதிலும் அது தங்கிவிட்டது.

கலைப்பதற்கு வழி உண்டு. தாமஸ் மான், மெலிசா ஃபெர்குசன் 2015இல் ஒரு கதையை வைத்துச் சோதித்தார்கள். ஒருவர் இரண்டு வீடுகளுக்குள் உடைத்துப் புகுந்தார், சேதம் செய்தார், விலைமதிப்பற்றதை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கேட்டவர்களுக்கு வெறுப்பு. பிறகு, வீடுகள் தீப்பிடித்திருந்தன, அவர் எடுத்து வந்தது குழந்தைகளை என்று சொன்னதும் யோசிக்காமல் எழும் உணர்வுகூடத் திரும்பியது. அதே ஆள் வேறொரு சமயம் வேறொரு குழந்தையைக் காப்பாற்றினார் என்று சொன்னபோது அந்த அளவு திரும்பவில்லை. புதிதாக ஒரு நல்லதைச் சேர்ப்பது பழைய கெட்டதை அழிக்காது. பழைய நிகழ்ச்சியின் அர்த்தமே மாற வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள்: "வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாம்" என்ற பேச்சுக்கு "எங்க பையன் ரொம்ப நல்லவன், கோயில் கமிட்டியில இருக்கான்" என்பது பதில் ஆகாது. "அந்தக் கிளையையே மூடிட்டாங்க, மொத்த டீமுக்கும் ஒரே தேதியில லெட்டர் வந்தது, இதோ ரிலீவிங் லெட்டர்" என்பதுதான் பதில். "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரோ கார்ல இறக்கிவிடறாங்க" என்ற பேச்சுக்கு "எங்க பொண்ணை அப்படி வளர்க்கலை" என்பது பதில் ஆகாது. "செகண்ட் ஷிஃப்ட், ஆபீஸ் கேப், வண்டியில செக்யூரிட்டியும் வருவார்" என்பதுதான் பதில். நடந்ததை ஒப்புக்கொண்டு, அது ஏன் நடந்தது என்பதைச் சான்றோடு வைக்க வேண்டும். பேச்சு எந்த வழியாகப் பரவியதோ அதே வழியில், முதலில் சொன்ன அத்தைக்கே இது போய்ச் சேர வேண்டும்.

எல்லாம் விசாரித்து வேண்டாம் என்று முடிவானால், என்ன சொல்லி மறுக்கிறோம் என்பது அந்த வீட்டுக்கு வரும் அடுத்த வரனுக்குப் போகும் சேதி. "விசாரிச்சோம், சரியா வரலை" என்று தரகரிடம் சொல்லாதீர்கள். ஊர் மிச்சத்தைக் கற்பனையில் நிரப்பிக்கொள்ளும். "எங்க பக்கம் இப்போ தோதுப்படலை" என்று பாரத்தை நம் பக்கம் வைத்துச் சொல்லிவிடலாம். அடிதடி, மறைத்த கல்யாணம் போல உறுதியான ஆபத்து தெரிந்திருந்தால் அதை ஊருக்குச் சொல்ல வேண்டாம். பின்னால் ஒருவர் நம்மிடம் நேராக விசாரிக்க வந்தால், நாம் பார்த்ததையும் பார்த்த தேதியையும் காகிதம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், கேள்விப்பட்டதைத் தவிர்க்க வேண்டும். சம்பந்தம் முடிவானாலும் சரி, கைவிட்டாலும் சரி, அந்த விசாரணைத் தாளைக் கிழித்துவிடுங்கள், போனில் உள்ள குரல் பதிவுகளையும் ஃபேமிலி குரூப்பில் போட்ட குறிப்புகளையும் சேர்த்து.